கார் நிற்காத கார் ஷெட்

அத்தியாயம் பதினொன்று

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதில் கோவில்பதாகையின் அந்தச் சந்தில் கார்த்திகை மழையிலிருந்தே வழக்கு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வஹீதுன்னிசாவின் செப்டிக் டேங்க்தான் என்று அனுசுயா அடித்துச் சொன்னாள். வெறுமனே சொல்லியிருந்தால் பரவாயில்லை. மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, தெருவில் நாலு பேர் இருக்கும்போது சொன்னாள்.

வஹீதுன்னிசா ரோஷக்காரி. தை மாதம் பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் லாரியையே வரவழைத்துவிட்டாள்.

லாரி சந்துக்குள் பாதி தூரம் வந்தது. அதற்கு மேல் வர முடியவில்லை. வழியில் அனுசுயா வீட்டுக் கார் நின்றது.

மகளும் மாப்பிள்ளை தமிழ்வாணனும் வந்துபோக என்று அவள் புருஷன் டில்லிபாபு வாங்கிய பழைய கார் அது. மாப்பிள்ளை அதில் ஏறியதைவிடத் தெரு நாய்கள் ஏறியதுதான் அதிகம். கவர் முழுக்கக் காக்கை எச்சம். டயர்கள் நாலும் நாய்களின் கைங்கரியத்தில் நிறம் மாறிப்போயிருந்தன. அது மதிலை ஒட்டி நின்றுகொண்டு சந்தில் பாதியைத் தின்றது. அந்த மதிலுக்கு அந்தப் பக்கம், இரும்பு ஷட்டர் போட்ட கார் ஷெட் ஒன்று இழுத்துப் பூட்டிக் கிடந்தது.

"வண்டிய எடுக்கச் சொல்லும்மா" என்றான் லாரிக்காரன்.

"சாவி எங்கன்னு தெர்ல. அவரு இல்ல" என்றாள் அனுசுயா. கார் சாவி மகளிடம் இருந்தது. மகள் வாரத்தில் ஒரு நாள் தூங்குகிறாள், எழுப்ப மனசில்லை.

லாரிக்காரன் யோசிக்கவில்லை. குழாய்க்கு மேல் குழாய் மாட்டி, அனுசுயாவின் கேட்டுக்கு முன்னால் நீட்டி, பக்கத்து வீட்டுக்குள் இறக்கினான். மோட்டாரைப் போட்டதும் குழாய் ஒரு முறை குலுங்கியது. இரண்டு குழாய் சேரும் இடம் சரியாக அனுசுயாவின் கோலத்துக்கு மேல் இருந்தது. அங்கே சொட்டத் தொடங்கியது.

அனுசுயா காலையில் பார்த்துப் பார்த்துப் போட்ட கோலம். அதன் நடுவில் கறுப்பாக, குழம்பாக, ஊரான் வீட்டுக் கழிவு.

மோட்டார் சீக்கிரமே நின்றது. லாரிக்காரன் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனதும் வஹீதுன்னிசா முக்காட்டைச் சரி செய்துகொண்டு மதிலருகே வந்தாள்.

"தொட்டி பாதி கூட ரொம்பலியாம்க்கா. எடுக்கவே வேணாம்னு சொன்னான், நான்தான் எட்றான்னேன்" என்றாள். "இப்ப மோந்து பாருங்க. நாத்தம் போச்சா?"

அனுசுயா முந்தானையை எடுத்துவிட்டு மூச்சை இழுத்தாள். லாரி நாற்றம் மெல்லக் கரைந்து போனது. அதற்குக் கீழே, பழைய நாற்றம் அப்படியே இருந்தது. புளிப்பும் அழுகலும் சேர்ந்த நாற்றம்.

"அது உங்க ஷெட்டுக்குள்ளருந்து வர்துக்கா. ஊட்டுக்குள்ள ஷெட்டு கட்டி வச்சிகினு வண்டிய தெருவுல உட்றீங்க. ஷெட்டுல இன்னாத்த வச்சிகீறீங்கன்னு நான் கேக்கல. ஆனா என் தொட்டி மேல போட்ட பழிய, நாலு பேரு இருக்கசொல்லோ போட்டீங்க இல்ல, அதே மாதிரி நாலு பேரு இருக்கசொல்லோ எடுத்துடணும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அனுசுயா பினாயில் பாட்டிலோடு கோலத்தின் முன்னால் உட்கார்ந்தாள்.

* * *

ஷெட்டில் என்ன இருக்கிறது என்று அனுசுயாவுக்குத் தெரியும். சந்துக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மகள் கவிப்பிரியாவின் சீர் சாமான்.

சென்னீர்குப்பத்தில் வாக்கப்பட்ட பெண், கல்யாணமாகி ஒரு வருஷம் முடிவதற்குள் கைப்பையோடு வந்து நின்றாள். ஏன் என்று கேட்டால், "புடிக்கல மா, அவ்ளோதான்" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. அடுத்த நாளே அவள் பின்னாலேயே அத்தனை சாமானும் ஒரு வண்டியில் வந்தது. அப்போது ஆடி மாதம். ஆடியில் சாமான் வீட்டுக்குள் வரக் கூடாது, ஷெட்டில் இருக்கட்டும் என்றார் டில்லிபாபு. ஆவணியில் எடுத்து வைக்கலாம் என்றார். ஆவணியில் வேறொரு காரணம் சொன்னார். புரட்டாசி ஆகாது, ஐப்பசி மழை, மார்கழி பீடை. இப்படியே ஆடி இன்னொரு முறையும் வந்து போய்விட்டது.

கார் ஏன் வெளியே நிற்கிறது என்று யாராவது கேட்டால் அவரிடம் வேறு பதில் இருந்தது. வீடு கட்டியபோது ரோடு கீழே, ஷெட் மேலே. பிறகு ரோடு போட்டார்கள். அந்த ரோட்டுக்கு மேலேயே இன்னொரு ரோடு போட்டார்கள். இப்போது ரோடு மேலே, ஷெட் கீழே. "வண்டி அடி தட்டுது பா" என்பார். அது பொய்யில்லை. ஆனால் அதுவல்ல காரணம். வீட்டுக்குள் வந்தால் அது வந்துவிட்ட சாமான். ஷெட்டில் கட்டுப் பிரிக்காமல் இருக்கும்வரை, அது திரும்பிப் போகப்போகிற சாமான்.

சென்ற வாரம் மொட்டை மாடியில் அவர் யாரிடமோ போனில் குழைந்து குழைந்து பேசியதும், அனுசுயா படியேறும் சத்தம் கேட்டதும் "எஸ்டேட் விஷயம்" என்று வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அனுசுயாவுக்கும் நினைவிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பெட்டி கட்டுகிற மனுஷனுக்கு, "நீங்க சொன்னா சரிங்க, நீங்க சொன்னா சரிங்க" என்று குழைய வேண்டிய எஸ்டேட் விஷயம் என்ன இருக்க முடியும்?

இன்று விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பூந்தமல்லியில் ஒரு விசேஷம் என்று பஸ் ஏறிவிட்டார். யார் வீட்டு விசேஷம் என்று சொல்லவில்லை.

கோலத்தைக் கழுவிவிட்டு, கையையும் கழுவிவிட்டு, அனுசுயா சாமி அலமாரிக்கு விளக்கேற்றப் போனாள். முருகன் படத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலை. வெற்றிலை மேல் ஒரு சாவி. சாவிக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்திருந்தது.

ஷெட் சாவி. டில்லிபாபுவின் அரணாக்கயிற்றை விட்டு ஒரு நாளும் இறங்காத சாவி.

அவளுக்குத் தீக்குச்சி கையிலேயே அணைந்தது. சாவிக்குப் பொட்டு வைக்கிற மனுஷன், இன்று அந்த ஷட்டரை நல்ல நேரம் பார்த்துத் திறக்கப்போகிறார். பூந்தமல்லிக்குப் பக்கத்தில்தான் சென்னீர்குப்பம்.

* * *

"மா, அதத் தொடாத."

கவிப்பிரியா தூக்கக் கண்ணோடு கூடத்தில் நின்றாள். முகப்பேரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அடுத்தவர்களின் ரத்தத்தையும் சளியையும் நாள் முழுக்கப் பார்த்துவிட்டு முகம் சுளிக்காமல் வந்து சாப்பிடுகிறவள். அந்த ஷட்டரைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நாத்தம் நம்ம ஷெட்டுலருந்துதான் வர்தாம். எலி செத்துகீது போல. தொறந்து பாக்காம உட முடியுமா?"

"நைனா வரட்டும்."

"ஒங்க நைனா எங்க பூட்டாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

கவிப்பிரியா கார் சாவியை எடுத்துக்கொண்டாள். "நான் வண்டிய எடுத்து தண்ணி டேங்க் பக்கம் உட்டுட்டு வர்றேன். வஹீதாக்கா வேற கோவமா கீறாங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் போனதும் அவள் படுக்கையை உதறப் போன அனுசுயா, வழக்கம்போல் எறும்பைப் பார்த்தாள். தலையணைக்கு அடியில் பிஸ்கட் பாக்கெட். திரும்பி வந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். சுடிதார் மடிப்பில் கடலை மிட்டாய், கைப்பையில் வாழைப்பழம், தலையணைக்குக் கீழே பிஸ்கட். எறும்பு மொய்க்கிறது, கரப்பான் வருகிறது என்று எத்தனையோ முறை திட்டியாகிவிட்டது. படித்த பெண் செய்கிற வேலையா இது? அருவருப்போடு பாக்கெட்டை ஓரமாகப் பிடித்துத் தூக்கி வெளியே எறிந்துவிட்டு, குங்குமம் வைத்த சாவியை எடுத்துக்கொண்டு அனுசுயா ஷெட்டுக்குப் போனாள்.

துருப்பிடித்த ஷட்டர் பாதிக்கு மேல் ஏறவில்லை. குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருந்தது. குனிந்தவள் முகத்தில் அந்தக் காற்று அடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்து காறித் துப்பினாள். முந்தானையை முகத்தில் சுற்றிக் கட்டிக்கொண்டு மறுபடி நுழைந்தாள்.

மழைத் தண்ணீர் இன்னும் வற்றவில்லை. கணுக்கால் அளவு கறுப்புத் தண்ணீர், மேலே எண்ணெய் மாதிரி ஒரு படலம். காலை வைத்தால் கரப்பான்கள் சுவரேறின. கட்டிலின் கால்கள் ஊறி உப்பியிருந்தன. நல்ல இலவம்பஞ்சு பார்த்து, ஆள் வைத்துக் கொட்டித் தைத்த மெத்தை பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது. பெருச்சாளி அதில் குடித்தனம் பண்ணியிருக்கிறது. குட்டி போட்ட அடையாளம் கூட இருந்தது.

சீர் சாமான் மட்டுமா? ஓடாத மிக்ஸி, கால் உடைந்த நாற்காலி, டில்லிபாபுவின் தம்பி கொடுத்து வைத்த பழைய ஃபேன், மூட்டை மூட்டையாகப் பேப்பர். தூக்கிப் போட மனசு வராத எல்லாவற்றையும் இந்த வீடு இங்கேதான் தள்ளியிருக்கிறது. நாமும்தான் தள்ளினோம் என்று அனுசுயாவுக்குத் தெரியும். இரண்டு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டியதை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, வாசலில் கோலம் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். சீ என்று இருந்தது அவளுக்கு.

நாற்றம் மூலையிலிருந்து வந்தது. மூலையில் ஆளுயரத்துக்கு நீலத் தார்பாய் சுற்றிய ஒரு சாமான், மழைத் தண்ணீர் தூக்கிவிட்டதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஃபிரிட்ஜ். பெரியதாக வேண்டும் என்று சம்பந்தி அம்மா சாவித்திரி கேட்டு வாங்கிய இரண்டு கதவு ஃபிரிட்ஜ்.

அனுசுயா கயிற்றில் கை வைத்தாள். கை நின்றது.

மற்ற சாமான் எல்லாம் சென்னீர்குப்பத்திலிருந்து வந்தபோது கட்டியிருந்த அதே தேங்காய்நார்க் கொச்சக்கயிற்றில், கன்னாபின்னா முடிச்சில் கிடந்தன. இது மட்டும் வேறு. நைலான் கயிறு. இரண்டு சுற்று சுற்றி, நுனியைத் திருப்பி உள்ளே செருகி, மேலே வால் தெரியாமல் இறுக்கிய முடிச்சு. கப்பலில் போகிற பெட்டிக்குப் போடுகிற முடிச்சு. இந்த வீட்டில் துணிக்கொடி, கார் கவர், கேஸ் சிலிண்டர் டியூப் வரைக்கும் அந்த முடிச்சுதான். அந்த முடிச்சு போடுகிற கை ஒன்றே ஒன்று.

தார்பாயும் இந்த வீட்டுத் தார்பாய். மாடியில் வற்றல் காயவைக்க வைத்திருந்தது காணாமல் போனதே, அது.

சாமான் வந்து இறங்கிய அன்று கவிப்பிரியாவுக்குக் காய்ச்சல். அனுசுயா அவள் பக்கத்தை விட்டு நகரவில்லை. டில்லிபாபுதான் ஆட்களோடு நின்று எல்லாவற்றையும் இறக்கினார். ஒன்றையும் பிரிக்காத மனுஷன், இதை மட்டும் ஏன் தேடிப் பிடித்து மூடினார்?

முடிச்சை எங்கே நெம்பினால் அவிழும் என்று அவளுக்குத் தெரியும். நெம்பினாள். தார்பாய் வழுக்கிக்கொண்டு தண்ணீரில் விழுந்தது.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு கொண்டி. பளபளவென்றிருந்த கதவில் துளை போட்டு, ஸ்குரூ முடுக்கி, மாட்டுத் தொழுவத்துக்குப் போடுகிற இரும்புக் கொண்டி. அதில் ஒரு பூட்டு. கதவு ஓரத்து ரப்பரைப் பெருச்சாளி கடித்துக் குதறியிருந்தது. அந்தப் பிளவிலிருந்து பழுப்பாக ஏதோ வடிந்து காய்ந்திருந்தது.

அனுசுயா பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

* * *

"சாவி அத்த இடுப்புல கீது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கவிப்பிரியா ஷட்டருக்கு வெளியே குனிந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"யாருக்குப் போட்ட பூட்டுடி இது?"

"ஊட்டுல நாலு பேரு. அவங்க மூணு பேரும் தொறந்து எடுத்துப்பாங்க."

அனுசுயா பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"நான் ரெண்டாவது ஷிப்ட் முடிஞ்சி வருவேன். எல்லாரும் துன்னுட்டு மிச்சத்த உள்ள வச்சிப் பூட்டிடுவாங்க. நேரத்துக்கு வர்றவளுக்குத்தான் சோறுன்னு அத்த சொல்லும். தமிழ்வாணன் டிவி பாத்துகினு இருப்பாரு. கேட்டா, எங்கம்மாகிட்ட நீயே பேசிக்க, நான் நடுவுல வரமாட்டேன்னுவாரு." அவள் குரலில் அழுகை இல்லை, யாருடைய ரிப்போர்ட்டையோ படிப்பதுபோல் சொன்னாள். "ஒரு நாள் தாகமா இருந்துச்சி. தண்ணி பாட்டில் கூட உள்ளதான் இருந்துச்சி. அன்னிக்குத்தான் கிளம்பினேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாடி?"

"எப்டி மா சொல்றது? ஃபிரிட்ஜ பூட்டிட்டாங்கன்னு ஊட்ட உட்டு வந்துட்டேன்னா? அதான் சாமான் வந்தன்னிக்கு நைனா பாத்தாரே. ஜன்னல்ல பாத்துகினு இருந்தேன். அந்தப் பூட்டப் புடிச்சிப் பாத்தாரு. ஆளுங்க பாக்குறாங்களான்னு பாத்தாரு. மேல போயி தார்பாய் எடுத்தாந்து சுத்தினாரு." ஷட்டரின் துருவை நகத்தால் சுரண்டினாள். "அவரு கேப்பாருன்னு நெனச்சேன். கேக்கவே இல்ல. அப்றம் நானும் சொல்லல."

பிஸ்கட் பாக்கெட். கடலை மிட்டாய். எறும்பு. அனுசுயாவுக்கு ஒவ்வொன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கறுப்புத் தண்ணீரில் நின்றபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

* * *

உச்சி வெயிலில் ஒரு குட்டி யானை லோடு வண்டி சந்துக்குள் வந்து நின்றது. காரில்லாத சந்தில் தடையில்லாமல் வந்தது. டிரைவர் பக்கத்தில் டில்லிபாபு. அவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு, பழத்தட்டை மடியில் வைத்தபடி, சம்பந்தி ரகுநாதன்.

திறந்து கிடந்த ஷட்டரைப் பார்த்ததும் டில்லிபாபுவின் முகம் மாறியது. ஆனாலும் சிரித்துக்கொண்டே இறங்கினார். "அனுசுயா, யாரு வந்துகீறாங்க பாரு. காபி போடு. ராகு காலத்துக்கு முன்னாடி சாமான ஏத்திடணும். எல்லாம் பேசி முடிச்சாச்சி. புதன்கெழம நல்ல நாளு, கவிப்பிரியாவ நாமளே கொண்டுபோய் உட்டுட்டு வந்துடலாம்."

அனுசுயா வாசற்படியில் நின்றாள். புடவைக் கரை கறுப்புத் தண்ணீரில் நனைந்து கணுக்காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

"பேசி முடிச்சது யாரு?"

"நான்தான். ஒரு பொண்ண எத்தினி நாளு ஊட்டுல வச்சிகினு இருக்க முடியும்? எஸ்டேட்டுல கேக்குறான், பஸ்ஸுல கேக்குறான். நம்ம பொண்ணு பண்ணதுக்கு நான் மன்னிப்புக் கேட்டேன். அவங்களும் பெரிய மனசு பண்ணி..."

"நம்ம பொண்ணு இன்னா பண்ணிச்சி?"

டில்லிபாபு சம்பந்தியைப் பார்த்தார். ரகுநாதன் தொண்டையைச் செருமினார்.

"சம்மந்திம்மா, சின்ன விஷயம். எங்க ஊட்ல பூன தொல்ல. கதவத் தொறந்துடுது. அதுக்கோசரம் போட்ட பூட்டு. பாப்பா அத தப்பா எடுத்துகிச்சி. இதோ, சாவியே எடுத்தாந்துட்டேன். மருமவ கையிலயே குடுத்துடுன்னு சாவித்திரி சொல்லி அனுப்பிச்சா." சட்டைப் பையிலிருந்து ஒரு வளையத்தை எடுத்தார். அதில் இரண்டு சாவி.

"பூனை" என்று அனுசுயா மெதுவாகச் சொன்னாள். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து மிச்சச் சோற்றை எடுத்துத் தின்கிற பூனை.

"அந்த ஃபிரிட்ஜும் வேணாம்மே" என்றார் டில்லிபாபு அவசரமாக. "அது பழசாயிடுச்சி. வேற புதுசா வாங்கித் தர்றேன்னு சொல்லிட்டேன்."

அதுவரை அனுசுயாவுக்குக் கோபம்தான் இருந்தது. இந்த வார்த்தையைக் கேட்டதும் கோபம் போய், உடம்பெல்லாம் கூசியது. மெத்தையில் பெருச்சாளிக் குட்டியைப் பார்த்தபோது கூட இப்படிக் கூசவில்லை. மகளைப் பட்டினி போட்டவர்களுக்கு, பூட்டிக்கொள்ள இன்னொரு பெட்டி வாங்கித் தருகிறேன் என்கிறான். தெரிந்தே சொல்கிறான்.

ரகுநாதன் கையிலிருந்து சாவி வளையத்தை வாங்கினாள். "வாங்க சம்மந்தி. ஏத்தறதுக்கு முன்னாடி சாமான பாத்துடுங்க. நீயும் வா" என்றாள் புருஷனிடம். இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவரை அவள் நீ என்றதில்லை. டில்லிபாபு திடுக்கிட்டுப் போய்ப் பின்னாலேயே வந்தார்.

குட்டி யானை டிரைவரும் ஒரு கை கொடுக்க, ஷட்டர் முழுசாக ஏறியது. வெயில் மூலை வரைக்கும் விழுந்தது. தார்பாய் இல்லாமல் நிற்கிற ஃபிரிட்ஜைப் பார்த்ததும் டில்லிபாபு வேட்டி நுனியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

அனுசுயா தண்ணீரில் இறங்கிப் போய்ப் பூட்டைத் திறந்தாள். கதவைப் பிடித்து இழுத்தாள். உள்ளே இருந்ததைக் கூட எடுக்காமல், பூட்டியபடியே ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

மாவுப் பாத்திரத்திலிருந்து பச்சை மயிர் மாதிரி ஏதோ பொங்கி, தட்டுகளில் வழிந்து காய்ந்திருந்தது. வெடித்த பால் பாக்கெட். குழம்பு இருந்த கிண்ணத்தில் புழுக்கள் செத்துக் கருவாடாகிக் கிடந்தன. கீழ்த்தட்டில், மூடி போட்ட தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக, முழுசாக நின்றன.

நாற்றம் ஷெட்டை விட்டுச் சந்துக்கு வந்தது. டிரைவர் "ஐய" என்று ஓடினான். ரகுநாதன் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு திரும்பினார்.

"நில்லு. எங்க போற?" என்றாள் அனுசுயா. "ஒன் ஊட்டுச் சோறுதான். என் பொண்ணுக்குக் குடுக்காம பூட்டி வச்ச சோறு. மோந்து பாரு."

"இன்னாம்மா மரியாத இல்லாம..."

"தண்ணி கூடவா பூன குடிக்குது?"

ரகுநாதன் டில்லிபாபுவைப் பார்த்தார். டில்லிபாபு தரையைப் பார்த்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வஹீதுன்னிசா. எதிர் வீட்டில் அன்னம்மாள். மாடிகளில் ஒவ்வொரு தலையாக எட்டிப் பார்த்தது. அனுசுயா ஷெட்டை விட்டு வெளியே வந்து சந்தின் நடுவில் நின்றாள்.

"வஹீதா, நாலு பேரு கீறாங்க, கேட்டுக்க. ஒன் தொட்டி சுத்தமாத்தான் கீது. நாத்தம் எங்க ஊட்டுதுதான்."

வஹீதுன்னிசா ஃபிரிட்ஜைப் பார்த்தாள், கவிப்பிரியாவைப் பார்த்தாள், முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏத்துப்பா" என்றாள் அனுசுயா டிரைவரிடம். "ஃபிரிட்ஜ மட்டும். தார்பாய் கட்டாத. அவங்க ஊட்டு வாசல்ல எறக்கு. அந்தம்மாவே வந்து பூட்டிக்கட்டும்."

சந்தில் நின்ற இரண்டு பேர் டிரைவருக்குக் கை கொடுக்க, சேறு சொட்டச் சொட்ட அது ஏறியது. கொண்டி தொங்கிக்கொண்டு கதவில் டங் டங் என்று இடித்தது. ரகுநாதன் முன் சீட்டில் ஏறி மூக்கைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது அவர் மதில் மேல் வைத்த பழத்தட்டு அங்கேயே இருந்துவிட்டது. வண்டி திரும்பியபோது "இந்த ஊட்டு வாசப்படி இனிமே மிதிக்க மாட்டேன்" என்றார். மிதிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

* * *

வண்டி போன பிறகுதான் சாவி வளையம் தன் கையிலேயே இருப்பதை அனுசுயா பார்த்தாள். ஃபிரிட்ஜ் சாவிக்குப் பக்கத்தில் இன்னொன்று. நீளமான, கதவுச் சாவி.

"இது எதோட சாவி? பீரோவா?"

கவிப்பிரியா அதைப் பார்த்தாள். பூட்டைப் பற்றிச் சொன்னபோது மாறாத முகம் இப்போது மாறியது. "அது மாடி ரூம் சாவி மா. அது இன்னொரு நாள் சொல்றேன்" என்றாள்.

அனுசுயா வளையத்தை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மகள் தண்ணீர் டேங்க் பக்கம் நடந்துபோய்க் காரை எடுத்து வந்தாள். அதற்குள் அனுசுயாவும், கேட்காமலே வந்த வஹீதுன்னிசாவும் மெத்தையை இழுத்து வெளியே போட்டு, கட்டிலைச் சுவரில் சாய்த்து, தண்ணீரைப் பெருக்கித் தள்ளியிருந்தார்கள். கார் சரிவில் இறங்கும்போது அடிப்பக்கம் சிமெண்டில் கிறீச்சென்று உரசியது. பல்லைக் கூச வைக்கிற சத்தம். ஆனால் இறங்கிவிட்டது. டில்லிபாபு சொன்னது பொய்யில்லை, அடி தட்டத்தான் செய்தது.

அவர் மட்டும் சந்திலேயே நின்றார். காலையில் உடுத்திய வெள்ளை வேட்டியில் சேறு தெறித்திருந்தது. கார் இதுவரை நின்ற இடத்தில், எண்ணெய்க் கறைக்கும் நாய்க் கறைக்கும் நடுவில் நின்றார். வீட்டுக்குள் வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

அனுசுயா தலைக்குக் குளித்து, புடவை மாற்றி, உலை வைத்து, சாதம் வடித்தாள். குழம்புச் சட்டியை இறக்கினாள். எல்லாவற்றையும் மூடாமல் கூடத்தில் கொண்டுவந்து வைத்தாள். கவிப்பிரியா தட்டைப் போட்டு உட்கார்ந்ததும்தான் டில்லிபாபு மெதுவாகப் படியேறி வந்தார்.

"அவங்க மனசு எறங்கி வந்தாங்களேன்னுதான்..." என்று ஆரம்பித்தார். அனுசுயா திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பசிக்கிது அனுசுயா. காலையிலருந்து ஒண்ணும் துன்னல" என்றார்.

"சோறு கீது. கவிப்பிரியாவக் கேட்டு எடுத்துக்க."

அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

டில்லிபாபு மகளின் எதிரில் நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றுப் பாத்திரம் கை எட்டும் தூரத்தில் திறந்துதான் இருந்தது. அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

கவிப்பிரியா குழம்பை ஊற்றி, அடுத்த வாயைப் பிசைந்தாள்.